தையல் டேப்பும் கொழுக்கட்டைப் புல்லும்

போன மாசம் அப்பா போன் பண்ணினாரு. "கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு முழங்கால் ஒசரம் நிக்குது, மேய்ச்சலுக்குக் குத்தகை கேட்டு ரெண்டு பேரு வந்துட்டுப் போனாங்க, விட்டரலாமா"ன்னு கேட்டாரு. (கொறங்காடுன்னா எங்க காங்கயம் பக்கம் முள்ளுக்கிளுவை வேலி கட்டி வச்சிருக்கற மேய்ச்சல் நெலம்.) நான் அப்ப நின்னுட்டு இருந்தது கென்யாவுல, இசியோலோ டவுனைத் தாண்டி ஒரு முள்வேலிக்குள்ள. என் முன்னாடியும் முழங்கால் ஒசரத்துக்கு அதே கொழுக்கட்டைப் புல்லு, அதே கதிரு, அதே நெறம். இங்கிலீஷ்ல இதுக்கு ஆப்பிரிக்க நரிவால் புல்லுன்னே ஒரு பேரு இருக்கு, காத்தடிக்கறப்ப பாத்தா ஏன்னு புரியும். வேலிக்கு அந்தப்பக்கம் நிக்கற முள்ளுச்செடியில பாதி நம்ம முள்ளுக்கிளுவைக்குப் பங்காளிங்க. வீடியோ கால்ல திருப்பிக் காட்டினேன், "ஏன்டா காங்கயத்துல நின்னுட்டு கென்யாங்கற"ன்னு சிரிச்சாரு.

நான் நைரோபிக்கு வெளிய ஒரு தீவன மில்லுல மெயின்டனன்ஸ் பாக்கறேன், ஆறு வருஷமாச்சு. ஹேமர் மில் (அடிச்சுத் தூளாக்கற மிஷின்), மிக்சர், பெல்லட் மிஷின், இதான் நம்ம ஒலகம். மாடு வளக்கறது சின்ன வயசுல வீட்ல பாத்தது, தீவனம் அரைக்கறது இங்க வந்து கத்துக்கிட்டது, ரெண்டுக்கும் நடுவுல சந்தைன்னு ஒண்ணு இருக்கறதே இந்த இசியோலோ பயணத்துல தான் ஒறைச்சுது. இங்க ஒரு பொம்பளைங்க குரூப் பழைய ஹேமர் மில் ஒண்ணு வாங்கி வச்சுட்டு ஓட்டத் தெரியாம இருந்தாங்க, மாட்டிக் குடுக்க லீவு நாள்ல போனேன், இதோட மூணு தடவை போயாச்சு. டிரைவர் மெரு ஊர்க்காரர், அவர் ஸ்வாஹிலியும் என் அரைகுறை ஸ்வாஹிலியும் சேந்து தான் இந்தப் பதிவு.

கென்யான்னாலே நம்மாளுங்களுக்கு டீத்தோட்டமும் சிங்கமும் தான். நெசத்துல நாட்டுல 80 சதவீதம் வறண்ட பூமி. மார்ச்சுல இருந்து மே வரைக்கும் ஒரு மழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு மழை, வந்தா உண்டு. நைரோபில ஆபீஸ் முடிச்சுட்டு நம்மாளுங்க டீக்கடைக்குப் போற மாதிரி இங்க சாயங்காலம் கரியில சுட்ட கறி, 'ன்யாமா சோமா'ம்பாங்க, கிலோ கணக்குல ஆர்டர் பண்ணி வெட்டிச் சாப்புடுவாங்க. அந்த மாட்டுக்கறியில நெறைய வடக்க இருந்து லாரியில நின்னுட்டே வந்தது தான். போரனா, சம்புரு, ரெண்டில்லே, சோமாலி ஜனங்க வளக்கற திமில் மாடு. (எங்க வீட்ல பீஃப்ங்கற வார்த்தையே எடுக்கக் கூடாது. ஆனா நம்மூர்ல வித்த கெழட்டுக் காளை பொள்ளாச்சி சந்தையில இருந்து லாரி ஏறி எந்தப் பக்கம் போகுதுன்னு யாரும் கேக்கவும் மாட்டோம். இவங்க அந்த வெசயத்துல நம்மள விட நேர்மை.)

சரி, என்ன பிரச்சனைன்னா, புல்லு ஒரு பக்கம் இருக்கு, மாடு ஒரு பக்கம் இருக்கு, காசு மூணாவது ஒரு பக்கம் இருக்கு, மூணும் ஒரே நாள்ல சந்திக்கறதே இல்ல. மழை பெஞ்சா எல்லாருக்கும் புல்லு இருக்கும், யாரும் புல்லுக் கட்டு வாங்க மாட்டாங்க. மழை பொய்ச்சா எல்லாருக்கும் கட்டு வேணும், ஆனா அப்ப வாங்கக் காசு இருக்காது, ஏன்னா மாடு எலும்பாயிருக்கும், எலும்பு மாட்டுக்கு சந்தையில வெலை இல்ல, அதே வாரம் மக்காச்சோள மாவு வெலை மட்டும் ஏறியிருக்கும். 2020 கடைசில இருந்து 2022 கடைசி வரைக்கும் அஞ்சு மழை தொடர்ந்து பொய்ச்சுது, கென்யாவுல மட்டும் 25 லட்சத்துக்கு மேல ஆடு மாடு ஒட்டகம் செத்துப்போச்சு. அந்த நேரம் நம்ம மில்லுல ராத்திரி ஷிப்ட் போட்டு மூட்டை ஏத்தினோம், மலைப்பக்கம் வெளையற ரோட்ஸ் புல்லுக் கட்டு லாரி லாரியா வடக்க போச்சு, எதிர்ல மெலிஞ்ச மாடு ஏத்தின லாரி தெக்க வந்துட்டு இருந்துச்சு. புல்லுக் கட்டு சும்மா பஞ்சு மூட்டை மாதிரி, எடம் தான் அடைக்கும் எடை இருக்காது, போய்ச் சேர்றதுக்குள்ள வாடகை புல்லு வெலையத் தாண்டிரும். அந்த லாரிங்களப் பாத்தப்பவே மனசுல ஒரு கேள்வி, புல்லை மாடு இருக்கற எடத்துலயே வெளைய வச்சா என்னன்னு.

வெளைய வைக்கறாங்க, அந்தப் பொம்பளைங்க குரூப்போட இந்த முள்வேலி அதுக்குத்தான். ஒண்ணும் புதுசு இல்ல, போரனா ஜனங்க 'கலோ'ன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, ஊர் கூடி ஒரு எடத்தை வேலி போட்டு மழைக்காலத்துல மேய விடாம கன்னுக்குட்டிக்கும் சீக்கு மாட்டுக்கும் ஒதுக்கி வச்சுருவாங்க. நம்ம கொறங்காடு மாதிரியே தான், ஆனா நம்மளது பட்டாக்காரன் நெலம், இது ஊர் நெலம். பாரிங்கோ பக்கம் 1980கள்ல இருந்தே வேலி கட்டி புல்லு வெதைச்சு பொட்டல் காட்டை மீட்டு கட்டாவும் வெதையாவும் விக்கறாங்க. தெக்க மக்குவேனி பக்கம் கிபோகோ ஆராய்ச்சி நிலையம் இந்த உள்ளூர் புல்லு வெதைங்களை ரொம்ப வருஷமா பெருக்கிக் குடுக்குது. கொழுக்கட்டையோட மசாய் காதல் புல்லுன்னு ஒண்ணு (பேரைப் பாருங்க), குதிரைவால் புல்லுன்னு ஒண்ணு, அந்தக் குதிரைவாலுக்கு அறிவியல் பேருல ராக்ஸ்பர்க் இருக்காரு, மெட்ராஸ் ராஜதானில செடி செடியா எழுதி வச்ச அதே வெள்ளைக்காரர்.

இப்ப குரூப்புக்குள்ள நடந்த சண்டைக்கு வரேன். நான் ரெண்டாவது தடவை போனப்ப புல்லு பூட்டை, அதாவது கதிரு, வெச்சு ஒரு வாரம் இருக்கும். மாட்டுக்கு ஒடம்பு ஏத்தணும்னா அறுக்க வேண்டிய நேரம் அதான், தண்டு இன்னும் பச்சை, புரதம் இருக்கும். ஆனா குரூப்புல பெரியம்மா ஒருத்தங்க தலைவி, கையைக் கட்டிட்டு "இன்னும் மூணு வாரம்"ன்னாங்க. ஏன்னா வெதை. வெதைக்கு வெலை இருக்கு, ஏதாச்சும் ஒரு ப்ராஜெக்ட் வந்து கிலோ கணக்குல வாங்கிட்டுப் போயிரும். வெதை எடுத்ததுக்கப்புறம் மிச்சம் இருக்கறது வெறும் தட்டு, அதையும் மரப்பெட்டில போட்டு மிதிச்சு கயிறு கட்டி அதே கட்டு வெலைக்கே வித்துரலாம், வாங்கறவன் பச்சையா மஞ்சளான்னு பாக்கறது இல்ல, கட்டு எண்ணிட்டுப் போறான். நான் பெரிய மேதாவி மாதிரி புரதம் 7 சதவீதத்துக்குக் கீழ போனா வயித்துக்குள்ள இருக்கற நுண்ணுயிரே பட்டினி கெடக்கும், மாடு வயிறு நெறைய தின்னும் எடை ஏறாதுன்னு வெளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு அந்தம்மா ஒரே கேள்வி கேட்டாங்க: "நல்ல புல்லுக்கு எவன் கூட ஒரு ஷில்லிங் குடுப்பான்?"

எனக்குப் பதில் தெரியல. அடுத்த நாள் மெரில்லே சந்தைக்குப் போனதுல தான் பதில் இல்லைன்னே தெரிஞ்சுது.

மெரில்லே, இசியோலோல இருந்து மார்சபிட் போற ரோட்டுல இருக்கற வாரச்சந்தை. முன்ன இந்த ரோடு குழியும் கல்லுமா லாரியே நாள் கணக்குல உருளுமாம், இப்ப மொயாலே வரைக்கும் தார் ரோடு. கன்னபுரம் தேர்ச் சந்தைல கூடற கூட்டம் மாதிரி நெனச்சுக்காதீங்க, பொட்டல்ல வேலி, தூசி, நீலத் துணி சிவப்புத் துணி கட்டின ஆளுங்க, ஆடுங்க தான் மொதல்ல காதுல கேக்கும். தரகருக்கு இங்க 'தலாலி'ன்னு பேரு. நம்மூர்ல துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு வெலை பேசுவாங்கல்ல, சோமாலி நாட்டு ஒட்டகச் சந்தைலயும் அப்படியே துணிக்கடியில கை குடுத்துத்தான் பேசுவாங்களாம், டிரைவர் சொன்னப்ப நான் நம்மூர்க் கதையைச் சொல்ல, ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஒரு பொலி காளை. நல்ல சட்டம், ஆனா விலா எண்ணலாம். நைரோபி வியாபாரி அதைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு, வால் அடியில ஒரு அமுக்கு, திமிலை ஒரு புடி, இடுப்பெலும்புக்கு மேல உள்ளங்கையை வச்சாரு, அவ்வளவுதான், "கறி 125 கிலோ"ன்னு பக்கத்துல இருந்த அவராளுகிட்ட மெதுவா சொன்னாரு. வித்தவர் காதுல அது விழல. வித்தவர்கிட்ட கிலோ பேச்சே இல்ல, மொத்தமா ஒரு வெலை தான்.

என்கிட்ட பையில தையல் டேப் இருந்துச்சு, தாராபுரத்துல பொண்டாட்டிக்கு வாங்கினது, எப்படியோ என் பேக்ல வந்துருச்சு. வித்தவர்கிட்ட கேட்டுட்டு காளையோட முன்னங்காலுக்குப் பின்னாடி மார்பைச் சுத்திப் புடிச்சேன். டேப் 150 சென்டிமீட்டர்ல முடியுது, மாட்டு மார்பும் சரியா அங்கயே முடிஞ்சுது. தோள் முனைல இருந்து பின்பக்க எலும்பு வரைக்கும் நீளம் 125. சுத்தளவை சுத்தளவால பெருக்கி நீளத்தால பெருக்கி 10,840ல வகுத்தா உயிரெடை கிலோல வரும், தோராயமாத்தான், கால்நடை டாக்டருங்களும் தராசு இல்லாத எடத்துல இப்படித்தான் போடுவாங்க. போன்ல தட்டினேன், 259. அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா கறின்னு வச்சா 125. வியாபாரி கண்ணு சொன்ன அதே நம்பர்!

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. நான் அதுவரைக்கும் இந்தச் சந்தைல எடை இல்லாமயே வியாபாரம் நடக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். எடை இருக்கு, துல்லியமா இருக்கு, ஒரு பக்கத்துக்கு மட்டும். வேற ஒரு சந்தைல ப்ராஜெக்ட் காசுல வாங்கின தராசு ஒண்ணு இருக்கு, பூட்டு துரு புடிச்சு அதுக்கடியில ஆடு படுத்திருந்துச்சு. ஏன் ஓட்டலைன்னு கேட்டா சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியல. தராசு ஓடினா யாருக்கு நஷ்டமோ அவங்களுக்கு சாவி தேட அவசரம் இருக்காதில்ல.

இப்ப அந்தம்மா கேள்விக்கு வாங்க. மாட்டுக்கு 40 கிலோ ஏத்தினாலும் சந்தைல அது "கொஞ்சம் நல்ல மாடு", அவ்வளவுதான். ஏறின ஒவ்வொரு கிலோவுக்கும் காசு வந்தாத்தான் மாட்டுக்காரன் நல்ல புல்லுக்குக் கூடக் குடுப்பான், அவன் கூடக் குடுத்தாத்தான் அந்தம்மா பூட்டைல அறுப்பாங்க. வெதை ரகம், பெட்டி, ட்ரெய்னிங்னு எத்தனை குடுத்தாலும் இந்தச் சங்கிலி அந்தக் கடைசிக் கண்ணில, சந்தைல, அறுந்து கெடக்கு. என் புரதப் பாடமெல்லாம் வெறும் வாய்ப்பந்தல்.

அன்னைக்கு ராத்திரி லாட்ஜ்ல ஒக்காந்து கணக்கு போட்டேன். 220 கிலோ எளங்காளை, தெனம் ஒரு 7 கிலோ காஞ்ச புல்லு தின்னும். கட்டு 15 கிலோன்னா தெனம் அரைக்கட்டுக்குக் கொஞ்சம் கம்மி, 90 நாளைக்கு 42 கட்டு. கட்டு 300 ஷில்லிங்னு வச்சுக்குவோம், 12,600. நல்ல புல்லோட ஏதாச்சும் புண்ணாக்கோ காயோ கூட வச்சா தெனம் அரைக்கிலோ ஏறும், மூணு மாசத்துல 45 கிலோ, கறியா 23 கிலோ. கறி மொத்த வெலை 500ன்னு போட்டா 11,500. அதாவது ஏறின சதைக்கு வர்ற காசு புல்லுக்கே பத்தல! ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன், அப்படியே தான் வந்துச்சு.

அப்ப கொழுக்க வைக்கறவங்க எப்படிப் பொழைக்கறாங்கன்னா, லாபம் ஏறின சதைல இல்ல, பழைய சதைல. மெலிஞ்சப்ப அந்த 220 கிலோவுக்கு கிலோ வெலை கம்மி, தேத்தி வேற மாசத்துல விக்கறப்ப அந்தப் பழைய 220க்கும் சேத்து நல்ல வெலை. கிலோவுக்கு 30 ஷில்லிங் கூடக் கெடைச்சாலே 6,600. அதுவும் போக, பட்டினி கெடந்த மாட்டுக்குத் தீனி கெடைச்சா மொதல் ரெண்டு மாசம் தாறுமாறா ஏறும், விட்டதைப் புடிக்கற மாதிரி. மூணாவது, புல்லை வாங்காம சொந்த வேலிக்குள்ள அறுத்தா கட்டு 300 ஆகாது. ஆக, புல்லு வச்சிருக்கறவங்களே மாட்டையும் மூணு மாசம் வச்சிருந்து வித்தா கணக்கு நிக்குது, ரெண்டும் வேற வேற கைல இருந்தா நிக்கல. எத்தியோப்பியாவுல அடாமா பக்கம் இதையே பெரிய அளவுல பண்றாங்க, போரனா காளையை டுபுலுக், ஹாரோ பாக்கே மாதிரி சந்தைங்கள்ல வாங்கி, அடைச்சு வச்சு மூணு மாசம் கோதுமைத் தவிடும் எண்ணெய்ப் புண்ணாக்கும் போட்டு உயிரோட எக்ஸ்போர்ட். அதுல லாபம் அடாமாவுல நிக்குது, காளை பொறந்த ஊர்ல நிக்கல.

புண்ணாக்கு இசியோலோவுக்கு தூரத்துல இருந்து வரணும், வெலை கட்டாது. அதுக்குத்தான் அந்த ஹேமர் மில்லு. என்னத்தை அரைக்கறாங்கன்னு கேட்டா சிரிப்பீங்க, நம்ம சீமைக்கருவேலங் காய்! இங்க 'மத்தெங்கே'ம்பாங்க. பாரிங்கோல 1980கள் தொடக்கத்துல நல்லெண்ணத்துல தான் நட்டாங்க, ராமநாதபுரத்துல நடந்த அதே கதை, ஊரையே முழுங்கிருச்சு. இனிப்புக் காயைத் தின்னுத் தின்னு ஆட்டுக்கு பல்லு கொட்டிப்போய், 2006ல இல்ச்சாமுஸ் ஜனங்க ஒரு பல்லில்லாத ஆட்டை நைரோபி கோர்ட்டுக்கே ஓட்டிட்டுப் போனாங்க, அரசாங்கத்து மேல கேஸ், ஜெயிச்சாங்க. முழுக் காயா தின்னா வெதை சாணில வந்து இன்னும் காடாகும், அரைச்சா வெதை ஒடைஞ்சு அதுலயே புரதம் கெடைக்கும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. அளவு தாண்டக்கூடாது, அதையே மாசக்கணக்குல போட்டா மாட்டுக்கு தாடைத் தசை சூம்பி மூஞ்சி கோணிக்கும்.

நான் போன மொத நாள் மில்லு பத்தே நிமிஷத்துல அடைச்சு நின்னுச்சு. சல்லடையைக் கழட்டினா ஓட்டை ஒண்ணு கூடத் தெரியல, பழுப்பா பசை, கருப்பட்டிப் பாகு வாசம் அப்படியே. காய் பாக்கக் காஞ்ச மாதிரி தான் இருக்கும், உள்ள சக்கரை ஈரத்தை இழுத்து வச்சிருக்கும். தகர ஷீட் மேல பரப்பி நாலு நாள் வெயில்ல போட்டு, கையில ஒடிச்சா டக்குனு சத்தம் வரணும்னு சொன்னேன், சல்லடையும் பெருசு மாத்தினேன். அந்தப் பசையை வழிச்சு எடுக்க எனக்கு அரை நாள். குரூப்புல ஒரு சின்னப் பொண்ணு வழிச்சதை நக்கிப் பாத்துட்டு மூஞ்சியைச் சுளிச்சுது.

கால்நடை இன்சூரன்ஸ் பத்தியும் சொல்லணும், ஏன்னா இதுக்கு நேர் சம்பந்தம். 2010 ஜனவரில மார்சபிட்ல ஆரம்பிச்சாங்க, நைரோபில இருக்கற சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிலையம் தான் மூளை. சாட்டிலைட்ல பச்சை எவ்வளவுன்னு பாத்து, ஒரு அளவுக்குக் கீழ போனா காசு வரும், செத்த மாட்டை எண்ண யாரும் வர வேண்டியதில்ல. மொதல்ல மாடு செத்ததுக்கு ஈடா காசுன்னு இருந்துச்சு, அப்புறம் மாடு சாகறதுக்கு முன்னாடியே தீவனம் வாங்கக் காசுன்னு மாத்தினாங்க. அருமையான யோசனை, ஆனா காசு கைக்கு வர்ற அன்னைக்குப் பக்கத்துல வாங்கக் கட்டு இருக்கணுமே. இந்த முள்வேலிக்குள்ள அடுக்கி வச்ச போர் அங்கதான் வேலைக்கு ஆகுது.

'அப்ப பஞ்சம் வர்றதுக்கு முன்னாடியே வித்துத் தொலைய வேண்டியது தானே, மாட்டைக் கட்டிட்டு அழறாங்க'ன்னு என் ரூம்மேட் கேட்டான். நானும் முன்ன அப்படித்தான் பேசினேன். ஆனா பத்து மாடு வச்சிருந்து மூணு பொழைச்சா மறுபடி ஆரம்பிக்கலாம், மூணு வச்சிருந்து ஒண்ணும் பொழைக்கலைன்னா டவுனுக்குக் கூலிக்கு. அவங்களுக்கு எண்ணிக்கை தான் பேங்க். வாங்க ஆள் வந்தா விக்க மாட்டோம்னு அவங்க நிக்கறதும் இல்ல. 2006 பஞ்சத்துல எத்தியோப்பியா பக்கத்து மொயாலேல ஒரு தொண்டு நிறுவனம் ரெண்டு வியாபாரிங்களுக்குக் கடன் குடுத்து வடக்க இருந்து வரவச்சுது, சுமார் 20,000 மாடு கைமாறிச்சு, பத்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல. வித்த காசுல அரிசி பருப்பு மட்டுமா வாங்கினாங்க, மிச்ச மாட்டுக்குத் தீவனம் வாங்கினாங்க, லாரி புடிச்சு மேய்ச்சலுக்கு அனுப்பினாங்க. ரெண்டு மாட்டை வித்து எட்டைக் காப்பாத்தறது. அதை வருஷா வருஷம் பஞ்சத்துக்கு முன்னாடியே பண்ண முடிஞ்சா எப்படி இருக்கும்னு தான் எனக்கு ஓடிட்டே இருக்கு.

போன வாரம் மூணாவது தடவை போயிட்டு வந்தேன். புல்லுல பாதியைப் பூட்டைல அறுத்துட்டாங்க, மீதியை வெதைக்கு விட்டுட்டாங்க, பெரியம்மாவும் சின்னவங்களும் சமாதானமாப் போன வழி அது. பச்சைக் கட்டைத் தனியா அடுக்கி பழைய சேலைத் துணி மாதிரி ஒண்ணைக் கட்டி வச்சிருக்காங்க அடையாளத்துக்கு. அடுக்கு அடில கரையான் ஏறியிருந்துச்சு, கல்லு வச்சு மேல கம்பு பரப்பி அடுக்கச் சொல்லிக் குடுத்தேன், நம்ம தட்டுப் போர் போடற மாதிரி. குரூப் காசுல மெலிஞ்ச காளை நாலு வாங்கிக் கட்டியிருக்காங்க, கறுப்பு ஒண்ணு, சாம்பல் மூணு.

கெளம்பறப்ப டேப்பைக் கேட்டேன், பெரியம்மா தர மாட்டேன்னுட்டாங்க. நாலு காளையையும் அளந்து ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்காங்க, தேதியோட. "இது துணி அளக்கற டேப்பும்மா, 150 தான் இருக்கு, காளை பெருசாச்சுன்னா பத்தாது"ன்னு சொன்னேன்.

"மொதல்ல பத்தாமப் போகட்டும்"ன்னாங்க.